மலையேறும் எஞ்சினும் அதனை ஏற்றிய கைகளும்

நமது எடப்புளி நாட்டிலிருந்து இருப்புப்பாதையைக் காண விரும்புவோர் முதலில் மலையிறங்க வேண்டும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து சேந்தமங்கலம், அதன் பின்னரே நாமக்கல். அந்த நாமக்கல்லுக்கும் சேலம் - கரூர் பாதை வழியாகப் பயணியர் வண்டி வந்து சேர்ந்தது 2013ஆம் ஆண்டில்தான். அவ்வாறிருக்க, கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று நம் இளைஞர்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறும் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

மலையில் வாழும் நாம் ஏற்றம் என்பதன் பொருளை உடம்பால் அறிந்தவர்கள். உப்பும் துணியும் தலைச்சுமையாக மேலேறி வந்த காலத்தை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். பேருந்து இம்மலைச் சரிவில் எழுபது இடங்களில் திரும்பித் திரும்பித்தான் மேலே வருகிறது. புகைவண்டியோ அவ்வாறு குறுகிய இடத்தில் திரும்ப இயலாதது. அத்தகைய வண்டியை மலைமேல் ஏற்ற வேண்டுமாயின் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை கண்ட இடம் நம் தமிழகத்திலேயே உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இருப்புப்பாதையே அது. அப்பாதையில் நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்து வரும் ‘எக்ஸ்’ வகுப்பு நீராவி எஞ்சின்களின் வரலாறே ஈண்டு நாம் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த வண்டியைத் திரைப்படங்களில் காணாதவர் இலர். 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ படத்தின் இறுதிக் காட்சியும், 1998இல் வெளிவந்த ‘உயிரே’ படத்தில் வண்டியின் கூரைமேல் ஆடும் பாடலும் பலருக்கும் நினைவிருக்கும். ஆயின் அவ்வண்டியைத் தள்ளிச் செல்லும் எஞ்சின் எவ்வாறு உழைக்கிறது, அதனை உழைக்கச் செய்தோர் யார் என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே.

பாதை பிறந்த கதை

நீலகிரிக்கு இருப்புப்பாதை அமைக்க வேண்டும் என்ற கருத்து 1854ஆம் ஆண்டிலேயே எழுந்தது. சமவெளியின் வெம்மையைத் தாங்க மாட்டாத ஆங்கில அதிகாரிகள் கோடைக் காலத்தில் உதகைக்குச் சென்று தங்கி ஆட்சி நடத்திய காலம் அது. தேயிலைத் தோட்டங்களும் பெருகி வந்தன. எனினும் மலையின் செங்குத்தான சரிவு எத்திட்டத்தையும் எளிதில் நிறைவேற விடவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டில் மலைப்பாதை அமைத்துப் புகழ்பெற்ற ரிக்கன்பாக் என்னும் பொறியாளர் வரவழைக்கப்பெற்றார். முதலில் தோன்றிய நிறுவனம் பணமின்றி முடங்கியது; பின்னர் வேறொரு நிறுவனம் பணியை ஏற்றது. 1891இல் தொடங்கிய வேலை, 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை வண்டி ஓடும் அளவுக்கு நிறைவுற்றது. 1903இல் அரசு இப்பாதையை விலைக்கு வாங்கிற்று. 1908இல் பாதை உதகமண்டலத்தை எட்டியது. அவ்வாண்டு முதல் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் இதனை நடத்தி வந்தது.

பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்திற்குச் செல்கிறது. இடையில் 208 வளைவுகளும், 16 குகைகளும், 250 பாலங்களும் உள்ளன. இந்த எண்களைப் படிக்கும்போது நம் இளைஞர்கள் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். பதினாறு குகைகளையும் குடைந்தது யார்? பள்ளத்தாக்குகளின் மேல் பாலத்துக்குக் கல் சுமந்தது யார்? மழையிலும் காய்ச்சலிலும் கிடந்து பாறைக்கு வெடிமருந்து வைத்தது யார்? திட்டம் தீட்டிய பொறியாளர், அடிக்கல் நாட்டிய ஆளுநர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. கூடை சுமந்த கூலியாட்கள் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். நிலமற்ற ஏழைகளுக்கன்றி வேறு எவருக்கும் அத்தகைய வேலை வாய்த்திராது என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

பாதை வேலை தொடங்கிய அதே 1891ஆம் ஆண்டில், அதே நீலகிரியில் மற்றொரு வேலையும் தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதர் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியும் அரசுப் பணியும் வேண்டும் என்ற கோரிக்கைகள் அங்கு எழுந்தன. ஒருபுறம் மலைமேல் இரும்புப் பாதை ஏறிக்கொண்டிருந்தது. மறுபுறம் மனிதர் ஏறுவதற்கான வழி கோரப்பட்டது. இவ்விரண்டாவது பாதை முன்னதைவிட மெதுவாகவே அமைந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பல் பிடித்து ஏறும் வித்தை

இனி எஞ்சினைப் பற்றிக் காண்போம். சமவெளியில் ஓடும் புகைவண்டியின் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரும்பின் மேல் இரும்பு எளிதில் உருளும். அதனாலேயே ஓர் எஞ்சின் நூற்றுக்கணக்கான டன் எடையை இழுத்துச் செல்ல முடிகிறது. ஆனால் எளிதில் உருளும் பொருள் எளிதில் வழுக்கவும் செய்யும். நூறடி தூரத்துக்கு ஓரடி உயர்ந்தாலே பாரவண்டிக்குப் பெருஞ்சிரமம். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையிலோ ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவில் பாதை உயர்கிறது. அங்கே சாதாரண எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக் கொண்டிருக்குமேயன்றி மேலே செல்லாது.

இதற்கு ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர் கண்ட முறையே நீலகிரியில் கையாளப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புச் சட்டங்களை அருகருகே பதித்தனர். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மறுசட்டத்தின் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் இச்சட்டங்களில் பொருந்திச் சுழலும்போது, ஒரு பல் விடுபடும் முன்னரே அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். எந்த நேரத்திலும் பிடி முற்றிலும் விடுபடுவதில்லை. ஏணியில் ஏறுபவன் ஒரு கையை எடுக்குமுன் மறுகையால் அடுத்த படியைப் பற்றிக்கொள்வதைப் போன்றது இது.

தொடக்கத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து பேயர் பீகாக் நிறுவனத்தின் எஞ்சின்கள் இப்பாதையில் ஓடின. பாதை உதகை வரை நீண்டு, பயணியரும் சரக்கும் பெருகியபின் ஆற்றல் மிக்க எஞ்சின் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்னும் நகரிலுள்ள தொழிற்சாலைக்கு அவ்வேலை தரப்பட்டது. அங்கு உருவானவையே எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள். 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், நாடு விடுதலை பெற்றபின் 1952இல் ஐந்தும் ஆகப் பதினேழு எஞ்சின்கள் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் மறைந்ததும் இவற்றுள் முதலாவது பிறந்ததும் அதே 1914ஆம் ஆண்டில் என்பதையும் இடையே குறித்து வைக்கிறோம்.

இந்த எஞ்சினின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. இதற்கு நான்கு உருளைகள். பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று அமைந்தவை. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயர் அழுத்த உருளைகளுள் புகுந்து, தண்டவாளத்தில் ஓடும் எட்டுச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. சமமான பாதையில் அதனோடு அதன் வேலை முடிந்தது. புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். பற்சட்டப் பாதை வந்தவுடன் ஓட்டுநர் ஒரு வால்வைத் திருப்புகிறார். அப்போது முதல் உருளைகளில் உழைத்து வந்த நீராவி வெளியேறாது, மற்ற இரண்டு உருளைகளுள் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒருமுறை உழைத்த நீராவியிடமிருந்து மறுமுறையும் வேலை வாங்கப்படுகிறது. உழைத்துக் களைத்தவரிடம் மீண்டும் வேலை வாங்கும் வழக்கத்தை நம் மக்கள் நன்கு அறிவர்; ஆயின் இரும்புப் பொறியில் இது சிக்கனம், புத்திசாலித்தனம்.

இறங்கும்போது நிலைமை நேர்மாறானது. மேலே செல்வதைவிடக் கீழே வருவதே ஆபத்து. அப்போது உருளைகளுக்கு நீராவி செல்வதில்லை. அவற்றுள் காற்று இழுக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தமே எஞ்சினைத் தடுத்து நிறுத்திப் பிடிக்கிறது. வண்டியை ஏற்றிய உருளைகளே இறங்கும் வழியில் அதற்குக் கடிவாளமும் ஆகின்றன. இதனுடன் கைத்தடைகளும் உண்டு. பற்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. 46 கிலோமீட்டரைக் கடந்து உதகை சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

எஞ்சினோடு வாழ்ந்தோர்

எஞ்சின் தானாக ஏறாது. அதனை ஏற்றுவதற்கு ஒரு கூட்டமே வேண்டும். நீராவி எஞ்சினுக்குச் சாவி கிடையாது. திருகியவுடன் புறப்பட்டுவிடாது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் தீ மூட்டி, நீர் கொதித்து, போதிய அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் காலையில் புறப்பட வேண்டிய எஞ்சினுக்கு இரவிலேயே ஆள் வந்துவிட வேண்டும். முந்தைய நாளின் சாம்பலை வாரி, கரிக்கட்டியைப் பெயர்த்து, குழாய்களில் படிந்த புகைக்கரியைத் துடைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் இட வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனைக் குளிரவைத்து உள்ளே படிந்த உப்பைக் கழுவ வேண்டும். இவை யாவும் லோகோ ஷெட்டில் கலாசிகளும் கிளீனர்களும் செய்த பணிகள். பயணி ஒருவரும் இவர்களைப் பார்த்ததில்லை.

வண்டி புறப்பட்டபின் ஃபயர்மேனின் வேலை தொடங்குகிறது. நிலக்கரியை அள்ளி எறிவது மட்டும் அவர் வேலை என்று எண்ணிவிடலாகாது. அடுப்பில் எந்த மூலையில் தீ மெலிந்திருக்கிறது என்று பார்த்து அங்கே கரியைப் பரப்ப வேண்டும். அதிகம் போட்டால் புகைந்து அழுத்தம் இறங்கும். குறைவாகப் போட்டால் ஏற்றத்தின் நடுவே நீராவி போதாமல் வண்டி நின்றுவிடும். கொதிகலனின் நீர்மட்டத்தையும் கண்காணிக்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் சாய்ந்திருக்கும்போது நீர் ஒருபுறம் ஒதுங்கும். அதனையும் கணக்கிட வேண்டும். ஹில்குரோவ் போன்ற வழிநிலையங்களில் எஞ்சின் நின்று தண்ணீர் குடிப்பது பயணியருக்கு வேடிக்கை; பணியாளருக்கு அடுத்த ஏற்றத்துக்கான கணக்கு.

இப்பாதையின் மற்றொரு தனித்தன்மையையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே எஞ்சின் வண்டியை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. ஏதேனும் ஒரு பெட்டியின் இணைப்பு அறுந்தாலும் பெட்டி சரிந்து ஓடாமல் எஞ்சின் கீழிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். ஆகையால் வண்டியைச் செலுத்துபவருக்கு முன்னே உள்ள பாதை தெரிவதில்லை. முதல் பெட்டியின் முகப்பு மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேனே அவருக்குக் கண். பாதையில் பாறை விழுந்திருக்கிறதா, காட்டு யானை நிற்கிறதா என்று பார்த்துப் பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்டுவது அவர் கடமை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, எஞ்சினின் ஊதலைக் கேட்டுத் தடையை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். மழையோ பனியோ அவர் நிற்கும் இடத்திற்குக் கதவில்லை.

பாதையைக் காத்த கேங்மேன்களின் பணி இதனினும் கடியது. நீலகிரியில் பருவமழை பெய்தால் மண் சரியும். 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் பாதை பல இடங்களில் சிதைந்து, வண்டி பல மாதங்கள் ஓடவில்லை. அவ்வாறு ஒவ்வொரு முறையும் சரிந்த மண்ணை அகற்றிப் பாதையை மீட்டவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய தொழிலாளர்களே. பற்சட்டத்தில் ஒரு பல் தேய்ந்தாலும் ஒரு திருகாணி தளர்ந்தாலும் மேலே வரும் வண்டிக்குக் கேடு. அவற்றைக் கால்நடையாகச் சென்று ஒவ்வொன்றாகப் பார்த்தது மனிதக் கண்.

படிகள் எல்லோர்க்கும் ஒன்றாக இருந்தனவா?

நீராவி எஞ்சின் ஷெட்டில் ஏணிப்படி போன்ற ஒரு வரிசை இருந்தது. கிளீனராகச் சேர்ந்தவர் ஃபயர்மேன் ஆகலாம்; ஃபயர்மேன் ஷண்டர் ஆகலாம்; ஷண்டர் டிரைவர் ஆகலாம். எஞ்சினைத் துடைத்தவர் ஒருநாள் எஞ்சினை ஓட்டலாம் என்பது அந்த ஏணியின் வாக்குறுதி. ஆனால் ஏணியின் மேற்படிகள் ஆங்கில ஆட்சிக் காலத்தில் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவையாக இருந்தன. நடுப்படிகளில் சாதி காவல் நின்றது.

இதனை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12, 13 ஆகிய நாட்களில், மகாராட்டிரத்தின் மன்மாட் நகரில், கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டில் தலைமை வகித்துப் பேசிய அண்ணல், ரயில்வேயில் நம் மக்களின் நிலையை எடுத்து விளக்கினார். கேங்மேனாகச் சேர்ந்தவர் உயர்வுக்கு வழியின்றிக் கேங்மேனாகவே வாழ்நாளைக் கழிப்பதைச் சுட்டினார். போர்ட்டர் வேலைகூட அவர்களுக்குக் கிட்டுவதில்லை. ஏனெனில் நிலைய அதிகாரி போர்ட்டரைத் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவார், வீட்டுக்குள் தீண்டத்தகாதவரை விடமாட்டார் என்ற காரணத்தையும் அவர் கூறினார். ரயில்வே தொழிற்சாலைகளில் நம்மவர் கைவினைஞராகவோ மேற்பார்வையாளராகவோ உயர்வது அரிது, வெறும் கூலியாளாகவே நிறுத்தப்படுகின்றனர் என்றும் எடுத்துக்காட்டினார். அவர் பேசியது மேற்கிந்தியப் பாதையைப் பற்றி. ஆயினும் ஊருக்குள் நின்ற சாதி ரயில் நிலையத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்ததுபோல் நின்றுவிடவில்லை என்பதைத் தென்னகத்து முதியோரும் அறிவர்.

பேச்சோடு அண்ணல் நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அவர் செய்தவை சட்டமாயின. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8.33 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 1946இல் அது 12.5 விழுக்காடாக உயர்ந்தது. 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைத்தது. பின்னர் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அண்ணலின் பிறந்தநாளன்றே, தென்னிந்திய ரயில்வே உள்ளிட்ட மூன்று ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே உருவாயிற்று. நீலகிரி எஞ்சின்களும் அதன் உடைமையாயின. மேலே ஏறுவதற்கான இரண்டாவது பாதையிலும் பற்சட்டம் பதிக்கப்பட்டது அப்போதுதான். எனினும் ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்வதற்குப் படிப்புச் சான்று வேண்டியிருந்தது. படிப்போ நம் வீடுகளில் அரிதாக இருந்தது. ஊர்தோறும் நம் மக்கள் கல்விச் சங்கங்களைத் தொடங்கியதன் காரணம் இதுவே.

பொன்மலையில் மறுபிறப்பு

எக்ஸ் வகுப்பு எஞ்சின்களின் கதையில் இறுதிப் பகுதி திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் நிகழ்கிறது. தென்னிந்திய ரயில்வே தன் பெருந்தொழிற்சாலையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1920களின் பிற்பகுதியில். அம்மாற்றத்தை ஒட்டி ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டு ஜூலையில் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தனர். 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலைத் தொழிலாளர் மீது காவல்துறை சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். எஞ்சின்களைப் பழுது பார்த்த கைகள் தம் உரிமைக்காகக் குருதியும் சிந்தின என்பதை மறக்கலாகாது.

நாட்டில் நீராவியின் காலம் மெல்ல முடிந்தது. வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்திற்று. டீசலும் மின்சாரமும் வந்தன. அகலப் பாதையில் 1995இலும், மீட்டர் பாதையில் 2000ஆம் ஆண்டு வாக்கிலும் வழக்கமான நீராவி வண்டிகள் ஓய்வு பெற்றன. குன்னூருக்கும் உதகைக்கும் இடையிலும் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. அங்கே பற்சட்டம் இல்லை. ஆனால் பற்சட்டப் பகுதியில் டீசல் எஞ்சினுக்கு வேலையில்லை. பல் பிடித்து ஏறும் வித்தை அதற்குத் தெரியாது. ஆகவே பாட்டன் காலத்து எஞ்சின்களே தொடர்ந்து உழைத்தன. 2005ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சிறப்பு வந்தது, சிக்கலும் உடன் வந்தது. எஞ்சின்கள் மூப்படைந்தன. உறுப்புகள் தேய்ந்தன. அவற்றைச் செய்த சுவிஸ் நிறுவனம் அதன் பழைய வடிவில் இல்லாது போயிற்று. கடையில் சென்று உதிரி உறுப்பு வாங்க வழியில்லை. இந்நிலையில் என்ன செய்வது? பழைய உறுப்புகளை அளந்து, வரைபடங்களை ஆராய்ந்து, வார்ப்புக்கு மாதிரிகள் செய்து, பொன்மலைத் தொழிலாளர்கள் எஞ்சினையே புதிதாகச் செய்யத் தலைப்பட்டனர். 2011 முதல் 2014 வரை எண்ணெயால் எரியும் நான்கு புதிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் பொன்மலையில் உருவாகி நீலகிரிக்குச் சென்றன. நிலக்கரியால் எரியும் புதிய எஞ்சின் ஒன்றும் 2021இல் அங்கே உருவாயிற்று. உலகின் பெரும்பகுதி நீராவியைக் கைவிட்டு ஒரு தலைமுறை கடந்தபின், புதிதாக நீராவி எஞ்சினைச் செய்து காட்டியது தமிழகத்து அரசுத் தொழிற்சாலை ஒன்று. இது சிறு செய்தியன்று.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வெற்றிக்கு இருவகை அறிவு தேவைப்பட்டது என்பதை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது கையின் அறிவு. கொதிகலன் எழுப்பும் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்வதும், பற்சக்கரத்தைத் தடவிப் பார்த்தே தேய்மானத்தை அறிவதும் குன்னூர் ஷெட்டின் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த செல்வம். எழுத்தில் இல்லாதது, மூத்தவர் செய்யப் பார்த்து இளையவர் கற்றது. இரண்டாவது ஏட்டின் அறிவு. வரைபடத்தைப் படிப்பது, மில்லிமீட்டரின் சிறு கூறுவரை அளப்பது, உலோகத்தின் இயல்பைக் கணக்கிடுவது ஆகியவை பள்ளியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் கல்லூரியிலும் கிடைப்பவை. கையறிவு மட்டும் இருந்திருப்பின் பழையதை ஒட்டுப் போட்டுச் சில காலம் ஓட்டியிருக்கலாம். புதியதைச் செய்திருக்க இயலாது. ஏட்டறிவு மட்டும் இருந்திருப்பின் வரைபடம் வரைபடமாகவே இருந்திருக்கும்.

நம் மக்களிடம் கையறிவுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. தோலைப் பதப்படுத்தியவர், பறைக்கு முறுக்கேற்றியவர், ஏரிக்கரைக்கு மண் இட்டவர், பாறையின் நரம்பு பார்த்துப் பிளந்தவர் நம் முன்னோர். அவ்வறிவு ‘அறிவு’ என்று மதிக்கப்படவில்லை. எழுத்தோடு சேர விடப்படவில்லை. கையைப் பயன்படுத்தியவனுக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏட்டை வைத்திருந்தவன் கையை அழுக்காக்கிக் கொள்ளவில்லை. இந்நாட்டின் தொழில் வளர்ச்சி நெடுங்காலம் நலிந்து கிடந்ததற்கு இப்பிரிவினை ஒரு பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே படித்துவிட்டால் கையில் கருவி எடுப்பது இழிவு என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் தலைகாட்டக் கூடாது. அது நம்மை இழிவுபடுத்தியோரின் எண்ணம். கருவி எடுப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்ற சொல்லும் நம் வீடுகளில் ஒலிக்கக் கூடாது. அதுவும் அவர்கள் சொல்லே. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மலையிறங்கி வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுள் எத்தனையோ பேர் கைத்திறன் மிக்கவர்கள். 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின்படி ரயில்வே தொழிற்சாலைகள் இளைஞர்களை உதவித்தொகையுடன் பயிற்சிக்கு ஏற்கின்றன. பொன்மலையும் அவ்வாறு ஏற்கும் இடமே. தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பாளர் ஆகிய பிரிவுகளில் தேறியவர்க்கு அங்கே வாய்ப்புண்டு. பெண் பிள்ளைகளுக்கும் அவ்வாயில் திறந்தே உள்ளது. நம் சங்கம் தன் வழிகாட்டும் பணியில் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

மற்றுமொரு வேண்டுகோளும் உண்டு. நீலகிரிப் பாதையில் கல் சுமந்தோரின் பெயர்கள் எழுதப்படாமலே போயின. நம் ஊரில் அவ்வாறு நேர விடலாகாது. கொல்லிமலைச் சாலைக்குக் கல் உடைத்தவர், ஊர்ப் பள்ளிக்குச் சுவர் எழுப்பியவர், நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலில் அரசுப் பணியில் சேர்ந்தவர் ஆகியோரின் பெயரையும் வேலையையும் கேட்டறிந்து இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் பொன்விழா மலர் வெளிவரும்போது அக்குறிப்பேடு அம்மலரின் முதற்பக்கங்களாக அமையட்டும்.

சங்கம் நீடு வாழ்க! நம் பிள்ளைகள் பிடி விடாது மேலேறுக!